பிளேக் விழாத தட்டு: எம்13 டிஎன்ஏவை இ.கோலைக்குள் செலுத்தும்போது நேரும் பிழைகள், அறிகுறிவாரியாக

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். வகுப்பில் பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். சிலர் பொள்ளாச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறார்கள். குறிப்பேட்டை ஆங்கிலத்தில் எழுதுவார்கள், ஊரோடு மலையாளத்தில் பேசுவார்கள், சோதனை சொதப்பினால் மட்டும் தமிழில் புலம்புவார்கள். சோதனை இதுதான்: இ.கோலை பாக்டீரியாவைத் தொற்றும் எம்13 என்ற ஃபேஜின் (பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸுக்கு அந்தப் பெயர்) டிஎன்ஏவைச் செல்லுக்குள் செலுத்தி, தட்டில் வளர்ந்த பாக்டீரியாப் பாயில் அது உண்டாக்கும் மங்கல் வட்டங்களை, அதாவது பிளேக்குகளை, எண்ணுவது. ஒவ்வோர் ஆண்டும் நான் கேட்கும் முதல் புலம்பல் ஒன்றே: "டீச்சர், தட்டு காலியாக இருக்கிறது."

‘காலி’ என்ற சொல்லை ஆய்வகத்தில் நான் தடைசெய்துவிட்டேன். பாக்டீரியாவே வளராத தட்டும் காலி, பாக்டீரியா பாய் விரித்தாற்போல் வளர்ந்து பிளேக் மட்டும் இல்லாத தட்டும் காலி, பிளேக் இருந்தும் பார்க்கத் தெரியாதவன் கையில் உள்ள தட்டும் காலி. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆகவே கீழே உள்ளதைப் படிக்குமுன், தட்டில் என்ன இல்லை என்பதோடு என்ன இருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாசல்கள்

பிளாஸ்மிடை, அதாவது பாக்டீரியாவுக்குள் தனியாகப் பெருகும் சிறு வட்ட டிஎன்ஏவை, செலுத்திப் பழகியவர்கள்தான் இந்தச் சோதனையில் அதிகம் தடுமாறுகிறார்கள். பிளாஸ்மிடுக்கு ஒரே வாசல். டிஎன்ஏ செல்லுக்குள் போய்விட்டால், அந்தச் செல் ஆம்பிசிலின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தைத் தாங்கிக் காலனியாகிவிடும். வைரஸ் டிஎன்ஏ அப்படியல்ல. கால்சியத்தையும் சூட்டையும் கொண்டு நாம் திறப்பது முதல் வாசலை மட்டுமே. உள்ளே போன டிஎன்ஏ புதிய ஃபேஜ்களைச் செய்து வெளியே அனுப்ப வேண்டும், அந்த ஃபேஜ்கள் அக்கம்பக்கத்துச் செல்களுக்குள் தாமாகவே நுழைய வேண்டும். அது இரண்டாவது வாசல். எம்13க்கு அந்த வாசல், செல்லின் மேல் மயிரிழைபோல் நீண்டிருக்கும் எஃப் பிலஸ். பிலஸ் இல்லாத செல்லை அது தொற்றாது. இரண்டு வாசலும் திறந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒரு பிளேக் உருவாகும்.

எல்லோரும் முதல் வாசலையே தட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிளேக் வரவில்லையா, உடனே ஹீட் ஷாக் (செல்லைச் சற்றுநேரம் சூட்டில் வைப்பது) நேரத்தை மாற்று, புதிதாகக் கால்சியம் குளோரைடு கரை, டிஎன்ஏவை இரட்டிப்பாக்கு. கோளாறு இரண்டாவது வாசலில் இருந்தால் இதெல்லாம் வீண்வேலை.

இன்று பிளாஸ்மிடுக்கென்று எல்லோரும் கையாளும் கால்சியம் முறையே முதலில் வைரஸ் டிஎன்ஏவுக்காகப் பிறந்தது. 1970இல் மார்ட்டன் மாண்டலும் அகிகோ ஹிகாவும், கால்சியம் குளோரைடில் வைத்த இ.கோலை செல்கள் பி2, லாம்டா ஃபேஜ்களின் வெறும் டிஎன்ஏவை உள்வாங்குவதைக் காட்டினார்கள். 1972இல்தான் ஸ்டான்லி கோஹனும் அன்னி சாங்கும் லெஸ்லி சூவும் அதே வழியில் பிளாஸ்மிடைச் செலுத்தினார்கள். ‘டிரான்ஸ்ஃபெக்ஷன்’ என்ற சொல்லும் முதலில் குறித்தது இந்த ஃபேஜ் வேலையைத்தான். விலங்குச் செல்காரர்கள் அதைப் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

நாங்கள் செய்யும் முறை

ஓம்புயிரி, ஜேஎம்109 என்ற இ.கோலை வகை. 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.3 முதல் 0.4 வரை வளர்த்து, ஐஸில் குளிரவைத்து, சென்ட்ரிஃப்யூஜில் படியவைத்து, குளிர்ந்த 0.1 மோலார் கால்சியம் குளோரைடில் மெதுவாகக் கலக்குகிறோம். இப்படி டிஎன்ஏவை ஏற்கத் தயாரான செல்தான் காம்பிடென்ட் செல். 200 மைக்ரோலிட்டர் செல்லுக்கு, எம்13இலிருந்து ஆக்கிய எம்13எம்பி18இன் இரட்டை இழை வட்ட டிஎன்ஏ சில நானோகிராம். ஐஸில் 30 நிமிடம். 42 டிகிரி செல்சியஸில், மெல்லிய 1.5 மி.லி. குழாயாக இருந்தால் 45 நொடி, தடித்த சுவருள்ள குழாயாக இருந்தால் 90 நொடி. மறுபடி ஐஸில் 2 நிமிடம். பிறகு, புதிதாக வளர்த்த ஜேஎம்109 செல் 200 மைக்ரோலிட்டரோடு (தட்டில் பாயாக வளரும் விரிப்புச் செல் இதுதான்) சேர்த்து, மேலடுக்காக ஊற்றும் உருகிய 3 மி.லி. டாப் அகாரில் கலந்து, முன்பே 37 டிகிரியில் வைத்த எல்பி ஊடகத் தட்டில் ஊற்றுகிறோம். இரவு முழுக்க 37 டிகிரி.

இதனோடு ஐந்து துணைத் தட்டுகள். தட்டுச் செலவு என்று முணுமுணுப்பவர்களுக்கு என் பதில்: இவை இல்லாமல் கிடைக்கும் தோல்வியிலிருந்து ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது.

தட்டு 1: விரிப்புச் செல் மட்டும்.
தட்டு 2: காம்பிடென்ட் செல்லும் விரிப்புச் செல்லும், டிஎன்ஏ கிடையாது.
தட்டு 3: விரிப்பின் மேல் பழைய எம்13 ஃபேஜ் கரைசல் 5 மைக்ரோலிட்டர் ஒரு சொட்டு. இரண்டாவது வாசலை மட்டும் சோதிப்பது இது.
தட்டு 4: காம்பிடென்ட் செல்லும் 100 பிகோகிராம் பியூசி19 பிளாஸ்மிடும், ஆம்பிசிலின் தட்டில். முதல் வாசலை மட்டும் சோதிப்பது.
தட்டு 5: கால்சியம் படாத சாதாரணச் செல்லும் எம்13 டிஎன்ஏவும். இங்கே பிளேக் வரவே கூடாது.

அறிகுறி: விரிப்பே வளரவில்லை

தட்டு தெளிவாக, கண்ணாடிபோல் இருக்கிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தட்டில் ஆம்பிசிலின் இருக்கிறதா. பிளாஸ்மிட் பழக்கத்தில் கை தானாக ஆம்பிசிலின் தட்டை எடுத்துவிடும். எம்13எம்பி18 ஆம்பிசிலின் எதிர்ப்பைத் தருவதில்லை, விரிப்புச் செல்லுக்கும் அது கிடையாது. எல்லாம் ஒட்டுமொத்தமாகச் சாகும். தட்டு 4ஐத் தவிர மற்ற எல்லாமே வெறும் எல்பி.

அடுத்தது டாப் அகாரின் சூடு. வாட்டர் பாத் 47 காட்டுகிறது என்பதற்காகக் குழாய்க்குள் இருக்கும் அகார் 47இல் இருக்கிறது என்று பொருளில்லை. கொதிக்கவைத்து எடுத்த அகாரை ஐந்து நிமிடம் முன்பு தொட்டியில் இறக்கியிருந்தால் உள்ளே அறுபதுக்கு மேல் இருக்கும். அகாரைப் போலவே கொதிக்கவைத்த தண்ணீர் நிரப்பிய ஒரு போலிக் குழாயில் வெப்பமானியை நிறுத்தி, அகார் குழாய்களோடு ஒரே நேரத்தில் இறக்கிவையுங்கள். அது காட்டும் எண்தான் உண்மை. 45இலிருந்து 48க்குள் இருக்க வேண்டும்.

இரண்டும் சரியென்றால் விரிப்புச் செல்லே செத்த கல்சர். புதிதாக வளர்த்துக்கொள்ளுங்கள், இதில் ஆராய ஒன்றுமில்லை.

அறிகுறி: விரிப்பு அருமை, பிளேக் ஒன்றுகூட இல்லை

அதிகம் வருவது இதுதான். தட்டு 3ஐயும் தட்டு 4ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

தட்டு 4இல் காலனி இருக்கிறது, தட்டு 3இல் ஃபேஜ் சொட்டிய இடம் சுற்றுப்புறம்போலவே இருக்கிறது என்றால், முதல் வாசல் சரி. கால்சியம் பக்கமே போகாதீர்கள். விரிப்புச் செல்களில் பிலஸ் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு நான் கண்ட காரணங்களைச் சொல்கிறேன்.

தவறான ஓம்புயிரி. டிஎச்5ஆல்ஃபா என்ற இ.கோலை வகையில், பிலஸைச் செய்யும் மரபணுக்களைச் சுமக்கும் எஃப் காரணி இல்லை. அதற்குள் எம்13 டிஎன்ஏ நன்றாகவே நுழையும், ஃபேஜும் வெளிவரும், ஆனால் பக்கத்துச் செல்லுக்குள் போக வழியில்லை. டிஎச்5ஆல்ஃபாவில் செய்த காம்பிடென்ட் செல்தான் கையிருப்பில் இருக்கிறதா, பரவாயில்லை. அதில் டிஎன்ஏவைச் செலுத்தி, விரிப்புக்கு மட்டும் ஜேஎம்109ஐ ஊற்றுங்கள். பிளேக் வரும். இரண்டு வாசலும் ஒரே செல்லில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

எஃப் காரணியை இழந்த ஜேஎம்109. எல்பி தட்டிலேயே மாதக்கணக்கில் கீறிக் கீறி வைத்திருந்தால், எஃப் காரணியைத் தொலைத்த செல்கள் மெல்லப் பெருகும். ஜேஎம்109இன் குரோமோசோமில் புரோலின் செய்யும் மரபணுக்கள் இல்லை, அவை எஃப் காரணியில் இருக்கின்றன. அதனால் புரோலின் இல்லாத எம்9 ஊடகத்தில், தயமின் சேர்த்து வளர்த்தால், எஃப் காரணி உள்ளவை மட்டுமே பிழைக்கும். எங்கள் தாய்க் கல்சர் எப்போதும் எம்9 தட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. காலனி வர இரண்டு நாள் ஆகும், பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. எக்ஸ்எல்1-புளூ என்ற இ.கோலை வகை வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது, அதன் எஃப் காரணியில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு இருக்கிறது.

வயதான கல்சர். முந்தின நாள் மாலை வைத்து மறுநாள் நண்பகலில் எடுத்த செல்களில் பிலஸ் அருகிப்போயிருக்கும். காலையில் புதிதாக 1க்கு 50 என்று மாற்றி, வேகமாகப் பெருகும் நிலையில் எடுங்கள்.

குளிர்ந்த இன்குபேட்டர். ஏப்ரலில் இங்கே மின்சாரம் போனாலும் அறையே 36 டிகிரி, கல்சருக்கு ஒன்றும் ஆகாது. ஜூன் மழையில் கதை வேறு. இரவில் மின்சாரம் போய் நான்கு மணி நேரம் கழித்து வந்தால், இன்குபேட்டர் 26க்கு இறங்கி மறுபடி ஏறியிருக்கும். காலையில் எண் 37 காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. 30க்குக் கீழே வளரும் செல் பிலஸை ஒழுங்காகச் செய்வதில்லை. உச்சத்தையும் தாழ்வையும் பதித்துவைக்கும் வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள்.

இனி மறுபக்கம். தட்டு 3இல் சொட்டிய இடம் அழகாகத் தெளிந்திருக்கிறது, தட்டு 4இல் காலனி இல்லை. இப்போதுதான் முதல் வாசலைத் தட்ட வேண்டும்.

எங்கள் பகுதியில் முதல் குற்றவாளி கால்சியம் குளோரைடு புட்டிதான். அது ஈரத்தை விழுங்கும் உப்பு. கணவாய் வழியாக மழைக்காற்று நுழைந்த ஒரு வாரத்தில், மூடியைச் சரியாகத் திருகாத புட்டிக்குள் உப்பு கஞ்சிபோல் ஆகிவிடும். அதில் எடை போட்டால் பாதி தண்ணீருக்கு எடை போடுகிறோம். இன்னொன்று, லேபிளைப் படிக்காமல் எடைபோடுவது. நீரற்ற உப்பென்றால் லிட்டருக்கு 11.1 கிராம், இரண்டு நீர் மூலக்கூறு கொண்டதென்றால் 14.7 கிராம். இரண்டாவதை எடுத்து முதலாவதன் எடையைப் போட்டால் 0.1க்குப் பதில் 0.075 மோலார்தான் கிடைக்கும். வாங்கியவுடன் முழுப் புட்டியையும் 1 மோலார் கரைசலாக்கி, வடிகட்டி, சிறுசிறு குழாய்களில் ஃபிரீசரில் வைத்துவிடுவது என் வழக்கம்.

இரண்டாவது, கண்ணாடிக் குடுவையில் தங்கிய சோப்பு. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் கழுவினால் வெண்படலம் நிற்கும், அதைப் போக்க இன்னும் சோப்பு, சோப்பைப் போக்க இன்னும் கடினநீர். செல்லின் மேலுறையைக் குலைக்க மிகச் சிறிதளவு சோப்பு போதும். காம்பிடென்ட் செல் வேலைக்கென்று தனிக் குடுவைகளை ஒதுக்கி, அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் அலசுங்கள்.

மூன்றாவது, ஐஸ். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஐஸ் இயந்திரம் பழுதான ஒரு நாளில், முக்கிலுள்ள மீன்கடையிலிருந்து ஒரு பெட்டி நொறுக்கிய ஐஸ் வாங்கிவரச் சொன்னேன். வெள்ளை வெளேரென்று, கல்லுப்புபோல் பொடிப்பொடியாக அருமையான ஐஸ். அரை மணி கழித்து எடுத்துப் பார்த்தால், அடியில் புதைந்திருந்த குழாய்களில் செல் கரைசல் ஊசிஊசியாக உறைந்து நின்றது. வெப்பமானி பூஜ்யத்துக்கு ஆறு டிகிரி கீழே காட்டியது. மாலையில் கடைக்காரர் இக்காவிடம் கேட்டேன். "உப்புப் போடாமல் மீன் எப்படி நிற்கும் டீச்சரே?" என்றார். கிளிசரால் இல்லாத செல் உறைந்தால் செத்தது. அன்றிலிருந்து வெளி ஐஸ் வந்தால் முதல் வேலை, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கூழாக்கி வெப்பமானியை நட்டுவைப்பது. பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கூழ் ஐஸ் குழாயைச் சுற்றிலும் தொடும் என்பது கூடுதல் நன்மை. வெறும் கட்டிகளுக்கு நடுவே நிற்கும் குழாய் பாதி காற்றில்தான் நிற்கிறது.

காம்பிடென்ட் செல்லை மைனஸ் 80இல் வைக்க வசதியில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நற்செய்தி. கால்சியம் குளோரைடில் ஐஸ் குளிரிலேயே 12 முதல் 24 மணி நேரம் வைத்த செல், அன்றே செய்ததைவிட நன்றாக டிஎன்ஏவை ஏற்கும். அதற்கு மேல் வைத்தால் சரிவுதான். சாதாரண மைனஸ் 20 ஃபிரீசரில் வைத்து வாரம் கழித்து எடுப்பது வெறும் நம்பிக்கை.

தட்டு 4இல் எத்தனை காலனி வந்தால் தேர்ச்சி? 100 பிகோகிராம் போட்டு, முழுவதையும் பரப்பி, 100 காலனி எண்ணினால், 1 மைக்ரோகிராமுக்கு 10 லட்சம். சாதாரணக் கால்சியம் முறைக்கு அது போதும். இந்தத் தட்டுக்கு மட்டும் ஹீட் ஷாக்குக்குப் பிறகு ஆம்பிசிலின் இல்லாத எல்பியில் ஒரு மணி நேரம் வளரவிட்டுப் பரப்ப வேண்டும்.

தட்டு 3, தட்டு 4 இரண்டும் தேர்ச்சி, ஆனாலும் சோதனைத் தட்டில் பிளேக் இல்லை என்றால் டிஎன்ஏவின் பக்கம் திரும்புங்கள். ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். ஃபேஜிலிருந்து எடுத்த ஒற்றை இழை டிஎன்ஏவா, செல்லிலிருந்து எடுத்த இரட்டை இழையா? ஒற்றை இழையும் நுழையும், ஆனால் மிகக் குறைவாக. வெட்டிய நேர்கோட்டு டிஎன்ஏவை ஒட்டாமலே போட்டுவிட்டீர்களா? டிஎன்ஏ கரைசலின் அளவு செல்லின் அளவில் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா? லைகேஸ் (டிஎன்ஏ துண்டுகளை ஒட்டும் நொதி) கலவையை அப்படியே 50 மைக்ரோலிட்டர் ஊற்றிவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்ட புண்ணியவான்கள் உண்டு.

அறிகுறி: ஐந்தோ பத்தோ வருகிறது, அதற்கு மேல் ஏறவில்லை

மேலே சொன்ன எல்லாக் காரணங்களின் லேசான வடிவமே இது. ஒன்று மட்டும் கூடுதல்: டிஎன்ஏவை ஏற்றினால் பிளேக் ஏறும் என்ற எண்ணம். ஓர் அளவுக்கு மேல் செல்கள் நிரம்பிவிடும், பிறகு எவ்வளவு போட்டாலும் எண்ணிக்கை நகராது. ஏற்றுவதற்குப் பதில் பத்தில் ஒரு பங்காக நீர்த்து ஒரு தட்டு போடுங்கள். எண்ணிக்கை அப்படியே நின்றால் குறை செல்லில், அதுவும் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நல்ல டிஎன்ஏ கொஞ்சம்தான் இருக்கிறது. கூடினால், டிஎன்ஏ கரைசலில் உப்போ பினாலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஆல்கஹாலில் படியவைத்துக் கழுவுங்கள்.

அறிகுறி: எண்ண முடியாத அளவுக்குப் பிளேக்

மகிழ்ச்சியோடு ஓடிவருவார்கள். நான் கேட்பது ஒன்றே: ஹீட் ஷாக்குக்குப் பிறகு எவ்வளவு நேரம் வளரவிட்டாய்? "ஒரு மணி நேரம், வழக்கம்போல." அங்கேதான் பிழை. அந்த ஒரு மணி நேரம் பிளாஸ்மிடுக்கு உரியது, ஆம்பிசிலினை எதிர்க்கும் புரதம் செல்லுக்குள் உருவாக அவகாசம் தருவது. எம்13க்கு எதையும் எதிர்க்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் உள்ளே போன டிஎன்ஏ ஃபேஜ்களைச் செய்து குழாய்க்குள்ளேயே வெளியே தள்ளத் தொடங்கிவிடுகிறது. ஒரு செல்லிலிருந்து வந்த கூட்டம் தட்டில் தனித்தனிப் பிளேக்காக விழும். எண்ணிக்கை பொய், திறன் கணக்கும் பொய். அதைவிட மோசம், பத்து வெவ்வேறு குளோன் என்று நம்பிப் பத்துப் பிளேக்கைக் குத்தி எடுத்தால், பத்தும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். ஹீட் ஷாக், ஐஸில் இரண்டு நிமிடம், நேராக டாப் அகார்.

அறிகுறி: "ஏதோ இருக்கிறது டீச்சர், ஆனால் பிளேக் மாதிரி இல்லை"

எம்13 செல்லைக் கொல்வதில்லை. ஃபேஜை வெளியே தள்ளிக்கொண்டே மெதுவாகப் பெருகும்படி செய்கிறது, அவ்வளவுதான். அதனால் பிளேக் துளைபோல் தெளிவாக இராது. துணியில் தேய்ந்த இடம்போல் மங்கலாகத் தெரியும். மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தட்டை மூடியோடு கையில் எடுத்து, ஜன்னலோரம் போய், பின்னால் கறுப்புத் தாள் ஒன்றைப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெல்லச் சாய்க்க வேண்டும். ஒரு கோணத்தில், வெண்பாயின் மேல் சாம்பல்நிற வட்டங்கள் சட்டென்று எழும். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். ஓரம் கத்திவெட்டுபோல் இராது, விரிப்போடு கரைந்து போகும். ஒருமுறை கண்டவர்களுக்குப் பிறகு எந்தக் கோணத்திலும் தெரியும்.

ஏமாற்றுபவை இரண்டு. டாப் அகாரில் சிக்கிய காற்றுக் குமிழி கச்சிதமான வட்டம், ஓரம் பளபளக்கும், தட்டைச் சாய்த்தால் நிழல் விழும். மூடியிலிருந்து சொட்டிய நீர்த்துளி வழிந்த வடிவில் இருக்கும், பெரும்பாலும் ஓரமாக. சந்தேகமாக இருந்தால் பல்குச்சியால் தொட்டு புதிய விரிப்பில் குத்துங்கள். ஃபேஜ் என்றால் நாளை அங்கே மங்கல் வட்டம் வரும், குமிழி என்றால் ஒன்றும் வராது.

தட்டின் ஈரமும் பெரிய விஷயம். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து அடிக்கும் பாலக்காட்டுக் காற்று தட்டை அப்பளமாக்கிவிடும். வறண்ட தட்டில் ஃபேஜ் பரவாமல் பிளேக் கடுகாய்ச் சுருங்கும். மழைக்காலத்தில் நேர்மாறு, டாப் அகார் வழுக்கி, பிளேக்குகள் ஒன்றோடொன்று இழுபட்டு வால்முளைத்து நிற்கும். காற்றுக்காலத்தில் தட்டை ஊற்றிய மறுநாளே பயன்படுத்தி, மழைக்காலத்தில் மூடியைச் சற்று விலக்கி 37 டிகிரியில் அரை மணி காயவைப்பது எங்கள் ஏற்பாடு. டாப் அகார் கட்டிகட்டியாக விழுந்தால், தட்டு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறது.

அறிகுறி: நிறம் ஒத்துவரவில்லை

எக்ஸ்-கால் என்ற நிறமூட்டியும் நீலத்தைத் தூண்டும் ஐபிடிஜியும் சேர்த்த தட்டில், வெறும் வெக்டர் (துண்டைச் சுமக்கும் எம்13 டிஎன்ஏ) நீலப் பிளேக் தரும், துண்டு ஒட்டியது நிறமற்ற பிளேக் தரும். எல்லாம் நீலமென்றால் வெட்டாத வெக்டர், அல்லது வெட்டியது மறுபடி தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. எல்லாம் நிறமற்றிருந்தால் எக்ஸ்-காலோ ஐபிடிஜியோ விடுபட்டது, அல்லது எக்ஸ்-கால் கெட்டது. டைமெத்தில் ஃபார்மமைடில் கரைத்து, வெளிச்சம் படாமல், உறைநிலையில் வைக்க வேண்டிய பொருள் அது. வெளிர்நீலத்தைச் சட்டென்று ஒதுக்காதீர்கள், சிறிய துண்டு சட்டகம் மாறாமல் நுழைந்திருந்தாலும் அப்படி வரும். முடிவெடுக்குமுன் தட்டைச் சில மணி நேரம் 4 டிகிரியில் வையுங்கள், நீலம் அழுத்தமாகும்.

வேறு ஃபேஜ், வேறு கருவி

லாம்டா டிஎன்ஏ 48,502 இணைகள் நீளம். கால்சியச் செல்லுக்குள் அது எம்13போல் எளிதில் போகாது, குறைந்த எண்ணிக்கையைக் கண்டு மனம் தளர வேண்டாம். அதற்கும் இரண்டாவது வாசல் உண்டு: மால்டோஸைச் செல்லுக்குள் விடும் லேம்பி புரதம். விரிப்புச் செல்லை 0.2 விழுக்காடு மால்டோஸில், மெக்னீசியம் சேர்த்து வளர்க்க வேண்டும். குளுக்கோஸ் கலந்தால் அந்த வாசல் அடைபடும். ஃபை-எக்ஸ்174க்கு விரிப்பு இ.கோலை சி ஆக இருக்க வேண்டும். கே-12 வகைச் செல்லின் மேலுறையில் அது ஒட்டாது.

எலெக்ட்ரோபொரேஷனில் (மின்னதிர்ச்சியால் டிஎன்ஏவைச் செலுத்தும் முறையில்) ‘டப்’ என்று வெடித்து மின்பொறி பறந்தால் உப்பு இருக்கிறது. செல்லை 10 விழுக்காடு கிளிசராலில் இன்னும் இரண்டு முறை கழுவுங்கள், டிஎன்ஏவை ஆல்கஹாலில் படியவைத்துச் சுத்த நீரில் கரையுங்கள், குவெட்டின் வெளிப்புற ஈரத்தைத் துடையுங்கள். 0.2 சென்டிமீட்டர் குவெட்டில் 2.5 கிலோவோல்ட், 25 மைக்ரோஃபாரட், 200 ஓம் என்று வைத்தால், நேர மாறிலி 4 முதல் 5 மில்லிநொடிக்குள் வர வேண்டும். அதைவிடக் குறைவாகக் காட்டினால், வெடிக்காவிட்டாலும் உப்பு இருக்கிறது.

அறிகுறி: வரக் கூடாத தட்டிலும் பிளேக்

எனக்கு உறக்கம் கெடுப்பது இது ஒன்றுதான். முதலில் தட்டு 5ஐப் பாருங்கள். அங்கே மட்டும் பிளேக், தட்டு 1உம் 2உம் சுத்தம் என்றால், டிஎன்ஏ கரைசலில் முழு ஃபேஜ்கள் கலந்திருக்கின்றன. அவை கால்சியமும் கேட்காது சூடும் கேட்காது, தாமே நுழையும். உறுதிசெய்ய, அந்த டிஎன்ஏவில் கொஞ்சத்தை டிஎன்ஏஸ் நொதியோடு வைத்துவிட்டுச் சோதியுங்கள். நொதி வெறும் டிஎன்ஏவைத் தின்றுவிடும், உறைக்குள் இருப்பதைத் தொடாது. அதன் பிறகும் பிளேக் வந்தால் ஃபேஜ்தான். பினால், குளோரோஃபார்மில் மறுபடி சுத்திகரியுங்கள்.

தட்டு 1இலேயே பிளேக் என்றால் ஆய்வகத்தில் ஃபேஜ் உலவுகிறது. எந்த ஃபேஜ் என்று தெரிந்தால் வழி தெரியும். ஒரு பிளேக்கை எல்பியில் கரைத்து, குளோரோஃபார்ம் ஒரு சொட்டு விட்டு, குலுக்கி, படியவைத்து, மேல்நீரை விரிப்பில் சொட்டுங்கள். எம்13 குளோரோஃபார்மைத் தாங்காது. தாங்கிப் பிழைத்து, பெரிய தெளிந்த பிளேக்காகவும் விழுந்தால் டி1 போன்ற ஒன்று. டி1 காய்ந்த தூசியிலும் உயிரோடு இருக்கும் ஜாதி, பிப்பெட்டின் உட்புறம், இன்குபேட்டர் விசிறி என எங்கும் ஒட்டும். திறந்த நீர், ஊடகம், கால்சியம் குளோரைடு எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். மேசையை பிளீச் கரைசலில் துடையுங்கள், பிப்பெட்டுகளைக் கழற்றிக் கழுவுங்கள், பழைய தட்டுகளை 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யாமல் வெளியே விடாதீர்கள்.

ஒன்று மிச்சம். அது தட்டு 2இல் பிளேக்காகக் காட்டிக்கொடுக்காது, எந்தத் தட்டிலும் பிளேக் வராததாகவே தோன்றும். ஓர் ஆண்டில் மூன்று வாரம் இதிலேயே போயிற்று. விரிப்பு கொஞ்சம் மெலிந்திருந்தது, ஆனால் சீராக இருந்தது. எம்9இல் வளர்ந்தது, ஆகவே எஃப் காரணி உண்டு. தட்டு 4 தேர்ச்சி. தட்டு 3இல் மட்டும் சொட்டிய இடம் தெளியவே இல்லை. பிலஸ் இருக்க வேண்டிய செல்லில் ஃபேஜ் ஏன் நுழையவில்லை? பொள்ளாச்சிப் பெண் ஒருத்தி, வேறு யாரும் செய்யாததைச் செய்தாள். அந்த விரிப்புக் கல்சரையே படியவைத்து, மேல்நீரைப் பக்கத்து மேசையிலிருந்த எக்ஸ்எல்1-புளூ விரிப்பில் சொட்டினாள். மறுநாள் காலை அங்கே அச்சாக ஒரு வட்டம்.

எங்கள் ஜேஎம்109 தாய்க் கல்சரே எம்13 தொற்றியது. எம்13 கொல்லாது என்பதால் செல் சாகாமல் வளர்ந்துகொண்டே இருந்தது. ஒருமுறை எம்13 நுழைந்த செல்லுக்குள் இன்னொரு எம்13 நுழைவதும் அரிது. முதலாவது நுழைந்தபின் பிலஸ் கதவைச் சாத்திவிடுகிறது. விரிப்பு முழுவதும் தொற்றிய செல் என்றால், முழுத் தட்டுமே ஒரே பிளேக், ஓரம் என்று ஒன்று இல்லாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தக் கல்சரையும் அதிலிருந்து செய்த எல்லாக் குழாய்களையும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிட்டு, புதிய ஜேஎம்109 வரவழைத்தோம். இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் வாரம், கால்சியம் புட்டியைத் திறப்பதற்கும் முன்பு, ஃபிரீசரில் உள்ள ஒவ்வோர் ஓம்புயிரியின் மேல்நீரிலும் 5 மைக்ரோலிட்டர் வேறொரு விரிப்பில் சொட்டப்படுகிறது. சொட்டிய இடத்தைச் சுற்றித் தட்டின் அடியில் பேனாவால் வட்டமிட்டு, பெயரும் தேதியும் எழுதி இரவு வைக்கிறோம். காலையில் அதே ஜன்னல், அதே கறுப்புத் தாள்.